அக்டோபரில் இறுகிய நூல்

கப்பல் என் கைக்கு வந்தபோது ஆப்பிள் அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் குப்புறக் கிடந்தது. பெட்டியின் மேல் ‘மேல்பக்கம்’ என்று அம்புக்குறி போட்டிருந்தது. அம்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

புதுச்சேரியில் 32 வருடம் தையல் கடை வைத்திருந்தேன். சொந்த ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பாறையும் கோட்டைச் சுவருமாக ஒரு குன்று தனியாக நிற்குமே, அதன் அடிவாரம். முழங்கால் மெஷின் மிதிக்க மறுத்ததும் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். பழைய மெஷின் ஒன்றை மட்டும் கூடவே கொண்டுவந்தேன். அது இந்தக் கதைக்குள் பிறகு வரும்.

என் கடைக்கு வாடிக்கையாக வந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்போம். வருடத்துக்கு நான்கு பேண்ட் தைப்பார். மடிப்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும். ஒருநாள் துணி எதுவும் கொண்டுவராமல் வந்து, “மாஸ்டர், கறுப்பு நூல் ரெண்டு கண்டு குடுங்க, கப்பலுக்கு” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்த பிளாஸ்டிக் கப்பல், ஒட்டிச் சேர்க்கிற சாமான், பீரங்கி எல்லாம் இருக்கிறது, கயிறு கட்டத்தான் நூல் போதவில்லை என்று விளக்கினார். அதன் பிறகு கப்பலை நான் மறந்துவிட்டேன். அவர் காலமான பின் வீட்டைக் காலி செய்த மகள்தான் கடைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். “தூக்கிப் போட மனசு வரல மாஸ்டர். நூல் குடுத்தவரு நீங்கதானே, நீங்களே வச்சுக்குங்க.”

நூல் கொடுத்த பாவத்துக்கு மூன்று வருட வேலை.

ஹெல்லர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ‘லெ சூபெர்ப்’ அது. 150இல் ஒரு பங்கு அளவு. அதாவது மாதிரியில் 1 மில்லிமீட்டர் என்றால் நிஜக் கப்பலில் 15 சென்டிமீட்டர். உடம்பு மட்டும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. மேல்தளத்தில் ஒரு மாலுமியை நிறுத்தினால் நெல்மணியைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பான். நிஜமான சூபெர்ப் 1784இல் பிரெஸ்த் துறைமுகத்தில் கடலில் இறங்கியது. 1795 ஜனவரியில் புயலில் போய்விட்டது. 74 பீரங்கிக் கப்பல் என்று அந்த வகைக்குப் பெயர். கீழ்த்தளத்தில் 28, அதற்கு மேல்தளத்தில் 30, வெளித்தளங்களில் சிறியதாக 16. கீழ்த்தளத்துப் பீரங்கி ஒவ்வொன்றும் 36 பிரெஞ்சு ராத்தல் குண்டு போடும். நம் கணக்கில் ஏறக்குறைய பதினேழரை கிலோ. இதையெல்லாம் இயக்க 700 பேர் அந்த மரக்கூட்டுக்குள் குடியிருந்தார்கள்.

என் பெட்டிக்குள் இருந்ததோ சிதிலம். ஜன்னலோரத்தில் பல வருடம் வெயில் பட்டதில் ஒரு பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. முன்முனையான அணியத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரம் முறிந்திருந்தது. பின்பாய்மரத்தைக் காணவே இல்லை. பின்பக்கத்துக் கண்ணாடி ஜன்னல்களும் இல்லை. பீரங்கிகளில் 11 குறைந்தது. எங்கும் பசை வழிந்து முத்து முத்தாகக் காய்ந்திருந்தது. உடம்பு முழுக்க வீட்டு கேட்டுக்கு அடிக்கிற பளபளப்புக் கறுப்பு. அதன் நடுவே நான் கொடுத்த நூல், முப்பது வருடத் தூசியோடு ஒட்டடை மாதிரி தொங்கியது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னங்க, தூக்கணாங்குருவிக் கூடா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பழைய மாதிரியைப் புதுப்பிப்பது புதிதாக ஒட்டுவதைவிடக் கஷ்டம். பழைய சட்டையைப் பிரித்துத் தைப்பது போல. புதுத் துணியில் என் தவறு மட்டும்தான் இருக்கும். பழையதில் முன்னே தைத்தவர் செய்ததும் சேர்ந்து இருக்கும். முதலில் பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக் பசை என்பது ஒட்டுவதே இல்லை; இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. நன்றாகப் பிடித்த இடத்தை யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் சொல்தா ஐயா அவசரத்தில் தடவிய இடங்கள் மேலோட்டமாகத்தான் பிடித்திருந்தன. அவற்றை ஃபிரீசரில் ஓர் இரவு வைத்தேன். குளிரில் காய்ந்த பசை நொறுங்குகிற பதத்துக்கு வரும். விளிம்பில் மழுங்கிய கத்தியை வைத்து மெல்லத் திருகினால் ‘டிக்’ என்று விட்டுவிடும். ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் பாய்மரம் கிடந்ததைப் பார்த்து வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

பெயின்ட்டை எடுக்கும்போதுதான் முதல் அடி விழுந்தது. ஒரு கடைக்காரர் தின்னர் போதும் என்றார். நல்லவேளையாக முதலில் கப்பலோடு வந்த குட்டிப் படகில் தொட்டுப் பார்த்தேன். படகு வெல்லப்பாகு மாதிரி குழைந்து விரலில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்கில் இந்த வகைக்கு பாலிஸ்டைரின் என்று பெயர். பெயின்ட் கடைத் தின்னர் அதற்கு விஷம். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். கேட் பெயின்ட் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. நான்கைந்து தடவை ஆயிற்று. கறுப்புப் போகப் போக அடியிலிருந்து பலகைக் கோடுகளும் ஆணித் தலைகளும் சிங்க முகமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

பீரங்கிக்கு எம்-சீல். நன்றாக இருந்த ஒரு குழாயில் தேங்காய் எண்ணெய் தடவி, பிசைந்த எம்-சீலில் பாதி அமுக்கி எடுத்தேன். காய்ந்ததும் அதே மாதிரி மறுபாதி. இரண்டு அச்சுக்கும் நடுவில் புதிதாகப் பிசைந்ததை வைத்து அழுத்தினால் பீரங்கி தயார். அதிரசத்துக்குக்கூட இதைவிட நேரமாகும். பின்பக்கத்து ஜன்னல் கண்ணாடிக்குப் புதுச் சட்டைக் காலருக்குள் வைத்து வருமே, அந்த ஒளிபுகும் பட்டை. வாழ்நாள் முழுக்கக் குப்பையில் போட்டது கடைசியில் ஒரு கேப்டனின் அறைக்கு ஜன்னலானது.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதலில் சந்தன நிறத்தில் அக்ரிலிக். காய்ந்த பின் அதன்மேல் ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயின்ட்டில் கரும்பழுப்பு. உடனே காய்ந்த பிரஷால் பலகை போகும் திசையில் இழுத்துவிட வேண்டும். ஆயில் பெயின்ட் மெதுவாகக் காயும், அதனால் பிரஷ் போன தடமெல்லாம் மரத்தின் ரேகையாக நின்றுவிடும். பீரங்கி ஜன்னல் மூடிகளின் உள்பக்கம் சிவப்பு. அவ்வளவுதான்.

நூலுக்கு வருவோம்.

அதற்கு முன் பேரன் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. “தாத்தா, இந்தக் கப்பல் நம்ம கடலுக்கு வந்திருக்கா?” வந்திருக்காது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு உறுத்தியது. புதுச்சேரியில் சஃப்ரன் தெரு என்று ஒன்று உண்டு. துணி வாங்கவும் கொடுக்கவும் அந்தத் தெருவில் எத்தனை ஆயிரம் தடவை சைக்கிளில் போயிருப்பேன், யார் அந்த சஃப்ரன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மகன் ரொமேன் ரோலண்ட் நூலகத்தில் தேடி, அமெரிக்கக் கடற்படை அதிகாரி மஹான் 1890இல் எழுதிய கடல் வரலாற்றுப் புத்தகத்தைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னான்.

சஃப்ரன் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர். ‘எரோ’ என்ற 74 பீரங்கிக் கப்பல் அவருடையது. 1778இல் தூலோனில் கட்டியது. என் சூபெர்ப்புக்குச் சற்று மூத்தது; அச்சு அசலாக ஒன்றில்லை, ஆனால் ஒரே குடும்பம். எதிரே ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். இரண்டு பேரும் 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் மோதிக்கொண்டார்கள். ஏப்ரல் 12இல் இலங்கைக் கரையோரம். ஜூலை 6இல் நாகப்பட்டினம். செப்டம்பர் 3இல் திருகோணமலை. அடுத்த வருடம் ஜூன் 20இல் கடலூர். பதினாறு மாதத்தில் ஐந்து சண்டை, எல்லாம் நம் கொண்டல் காற்று வீசுகிற கடலில்.

இதில் என் ஊரும் இருக்கிறது. 1782 மார்ச்சில் சஃப்ரனின் கப்பல்கள் பரங்கிப்பேட்டையில் ஒரு பிரெஞ்சுப் படையை இறக்கின. அந்தப் படை ஹைதர் அலியோடு சேர்ந்து ஏப்ரலில் கடலூரைப் பிடித்தது. மே மாதம் பெருமுக்கல் கோட்டையைப் பிடித்தது. நான் சின்ன வயதில் ஆடு மேய்த்த பாறை அது. அங்கே மலையேறிய சிப்பாய்களில் பலர், இரண்டு மாதம் முன்பு வரை இப்படியொரு கப்பலின் வயிற்றுக்குள் கிடந்தவர்கள். “நம்ம மலைக்கே வந்திருக்குடா” என்று பேரனிடம் திருத்திச் சொன்னேன்.

இப்போது நூல். பாய்மரப் போர்க்கப்பல் என்றால் பீரங்கிதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தையற்காரனுக்கு அப்படித் தெரியாது. மூன்று பாய்மரமும் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று துண்டு. அதை நிமிர்த்தி வைத்திருப்பது கயிறு மட்டும். முன்பக்கம் இழுக்க ஒன்று, பக்கவாட்டிலும் பின்னாலும் இழுக்கக் கொத்துக் கொத்தாக வேறு. இவை அசையாத கயிறுகள். தார் பூசியவை, அதனால் கறுப்பு. பாயைக் கட்டுகிற குறுக்கு மரத்தை மரக்காணத்து மீனவர் ஒருவர் எனக்குப் பருமல் என்று சொல்லிக்கொடுத்தார். பருமலை ஏற்றி இறக்குகிற கயிறு ஆஞ்சான். இந்த வகைக் கயிறெல்லாம் கப்பி வழியாக ஓடுவது. தார் கிடையாது, சணலின் நிறம். கறுப்பு நிற்கிற கயிறு, பழுப்பு ஓடுகிற கயிறு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் எந்தக் கப்பல் படத்தையும் வாசித்துவிடலாம்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது தெரியும். ஆங்கிலேயர் பெரும்பாலும் கப்பலின் உடம்பைக் குறிவைத்துச் சுடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மேலே கயிற்றையும் மரத்தையும் பார்த்துச் சுடுவார்கள். நூலை அறுத்துவிட்டால் சட்டை தானாகக் கழன்றுவிடும் என்கிற கணக்கு.

சொல்தா ஐயா எல்லா இடத்துக்கும் ஒரே நூலைக் கட்டியிருந்தார். அது நான் கொடுத்த நாற்பதாம் நம்பர். பாவம், அவருக்கு யார் சொல்வார்கள்? நிஜக் கப்பலில் பெரிய பாய்மரத்தை முன்னால் இழுக்கிற கயிறு ஏறக்குறைய ஆள் தொடைத் தடிமன், 15 சென்டிமீட்டர் வரை. மாதிரியில் அது 1 மில்லிமீட்டர். பக்கவாட்டுக் கயிறு அரை மில்லிமீட்டர். ஓடுகிற கயிறுகளில் சின்னது 0.15, அதாவது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. நூலின் தடிமனை அளக்க ஒரு வழி இருக்கிறது: பென்சிலில் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். 1 சென்டிமீட்டரில் 20 சுற்று வந்தால் அரை மில்லிமீட்டர் நூல். ஸ்கேலும் பென்சிலும் போதும்.

தடிமனான கயிற்றை நானே முறுக்கினேன். பழைய மெஷின் வருவதாகச் சொன்னேனே, அது இங்கேதான். பக்கத்தில் பாபினுக்கு நூல் சுற்றுகிற சின்னச் சக்கரம் இருக்கும். அதில் மூன்று இழையைக் கட்டி, மறுமுனையை எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டி, நடுவில் தீப்பெட்டியைப் பாரமாகத் தொங்கவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். நூல் ஏற்கெனவே எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும்; அதே பக்கம் முறுக்கினால் கையை விட்டதும் பாம்புபோலச் சுருண்டுவிடும். முறுக்கின கயிற்றைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்தால் பிசிறு அடங்கும். பிசிறு ரொம்ப முக்கியம். நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நூல் பிசிறு கப்பலில் வாழைநார் மாதிரி தொங்கும்.

எல்லாம் பருத்தி நூல். பருத்தியில்தான் எனக்கு நம்பிக்கை. பழுப்புக் கயிற்றுக்குக் கொதிக்கிற டீ டிக்காஷனில் ஊறவைத்தேன், அருமையாக ஏறியது. கயிறு ஏணிகளைக் கட்ட ஆரம்பித்தேன். பக்கக் கயிறுகளின் குறுக்கே இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு படி. பெரிய பாய்மரத்தின் ஒரு பக்கம் மட்டும் 9 கயிறு, 40 படி. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு: 360. காஜா எடுத்துப் பழகிய கை, அதனால் ஒரு மாலையில் மூன்று படி முடித்துவிடுவேன். சித்திரை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து கட்டி முடித்தேன். விரலால் சுண்டினால் வீணைத் தந்தி மாதிரி இருந்தது. முடிச்சுகளுக்கெல்லாம் பசை வைத்து இறுக்கிவிட்டேன். ஊரில் பார்க்காதவர் இல்லை. என் மனைவிகூடச் சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்து காட்டினாள்.

ஐப்பசி பிறந்தது. மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகளை விட்டு ஆட்கள் கரையேறினார்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்துப் பேர்பெற்ற அளம் அது, ஆனால் முதல் மழைக்கு வேலை நின்றுவிடும். கழுவெளி ஏரி நிரம்பத் தொடங்கியது. வீட்டில் உப்பு ஜாடி கசிந்தது, தீப்பெட்டி நமத்தது. மூன்றாம் நாள் காலை கப்பலைப் பார்த்தேன். முன்பாய்மரத்தின் உச்சி வில் மாதிரி முன்னால் வளைந்திருந்தது. அணியத்து மரம் அதற்குப் பதில் சொல்வதுபோல மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு பருமல் இரண்டாக ஒடிந்திருந்தது.

கிணற்றுக் கயிறும் கயிற்றுக் கட்டிலும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஈரத்தில் பஞ்சு இழை தடிக்கும். முறுக்கிய நூலில் இழை தடித்தால் நீளம் குறையும். நான் மொட்டை வெயிலில், நூல் ரொம்பக் காய்ந்திருந்த நேரம் பார்த்து, விறைப்பாக இழுத்துப் பசையும் வைத்துவிட்டேன். மழைக்காற்று பட்டதும் நூறு கயிறும் ஒரே சமயத்தில் சுருங்கி இழுத்திருக்கிறது. பிளாஸ்டிக் குச்சி எப்படித் தாங்கும்?

நிஜக் கப்பலிலும் இதே தொல்லைதான். சணல் கயிறு மழையில் இறுகும், வெயிலில் தளரும். அதற்காகத்தான் பக்கக் கயிறுகளின் அடியில் மூன்று துளை போட்ட வட்டக் கட்டைகளை ஜோடி ஜோடியாக வைத்து, நடுவில் சின்னக் கயிற்றை மாறி மாறிக் கோத்திருக்கிறார்கள். பாவாடை நாடா மாதிரிதான். தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம், இறுகினால் விட்டுக்கொடுக்கலாம். நான் அந்த நாடாவைப் போய்ப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன்.

அதே அக்டோபர் அந்த இரண்டு தளபதிகளையும் விரட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கரையில் பெரிய கப்பல் நிற்க முடியாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கடலூரிலும் அப்போது ஒதுங்கத் துறைமுகமே கிடையாது, திறந்த கடலில் நங்கூரம் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். 1761 புத்தாண்டு அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களைப் புயல் தூக்கி அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே 1782 அக்டோபரில் ஹியூஸ் பம்பாய்க்குப் போனார். சஃப்ரன் சுமத்ராவில் ஆச்சே பக்கம் போனார். போவதற்கு முன்பே அவர் இரண்டு கப்பலை இழந்திருந்தார். ‘ஓரியான்’ திருகோணமலைத் துறைக்குள் நுழையும்போது தரைதட்டியது. ‘பிசார்’ கடலூரில் நங்கூரம் போட வந்து, கரைக்கு ரொம்ப நெருங்கி மாட்டிக்கொண்டது. ஐந்து சண்டையிலும் சுட்டுக்கொண்ட பெரிய கப்பல்களில் ஒன்றுகூட முழுகவில்லை, பிடிபடவும் இல்லை. காற்றும் கரையும் எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். ஓரியானின் பாய்மரங்களைக் கழற்றி, திருகோணமலைச் சண்டையில் மரம் ஒடிந்துபோன கப்பல்களுக்கு வைத்தார்களாம். பழைய கோட்டின் லைனிங்கைப் பிரித்துப் புதுக் கோட்டுக்கு வைக்கிற வேலை. சஃப்ரன் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

நானும் அப்படியே செய்தேன். எல்லா நூலையும் வெட்டி எறிந்தேன். கீழ்ப் பாய்மரங்கள் உள்ளே பொள்ளல். அதற்குள் சைக்கிள் ஸ்போக்கைச் செருகினேன். உச்சித் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூங்கிலைச் சீவி இழைத்து வைத்தேன். காணாமல் போயிருந்த பின்பாய்மரமும் மூங்கில்தான். நூல் இந்த முறை பாலியஸ்டர், ஈரத்துக்கு அசையாது. அதில் டீ ஏறாது, ஆகவே அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து விரலால் தடவினேன். பருத்தியின் உயிர் அதில் இல்லை என்பது என் கட்சி. ஆனால் கப்பல் நிமிர்ந்து நிற்க வேண்டுமே. 360 முடிச்சு மறுபடியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது எங்கள் பக்கத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். கப்பலைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத்தான் அரிசி மூட்டையைத் தூக்கினேன். இதற்கும் பேச்சு வாங்கினேன். மறுநாள் பார்த்தால் ஒரு கயிறு தளரவும் இல்லை, இறுகவும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை பெரிய கப்பல்களிலிருந்து ஆளும் சாமானும் நம் கரைக்கு எப்படி வந்தார்கள்? அலை உடைகிற இடத்தைக் கப்பலின் சொந்தப் படகுகளால் தாண்ட முடியாது. ஆணி அடித்த பலகை முதல் அடியிலேயே பிளந்துவிடும். நம் ஆட்களின் மசூலாப் படகுதான் போய் இறக்கிக்கொண்டு வரும். அதில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு துணி மாதிரி நெளிந்து கொடுக்கும். 74 பீரங்கிக் கப்பல்காரர்கள் கடைசி இருநூறு கெஜம் தையல் வேலையை நம்பித்தான் வந்திருக்கிறார்கள்.

பெயரிலும் ஒரு வேடிக்கை. பின்பக்கம் பெயர் எழுத வேண்டும். நம் கடலுக்கு வந்ததாகவே இருக்கட்டும், எரோ என்று மாற்றி எழுதிவிடலாமா என்று யோசித்தேன். மகன் சிரித்தான். “அப்பா, ஹியூஸோட கப்பல் பேரு என்ன தெரியுமா? சூபர்ப்!” ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் ஓர் எழுத்துத்தான் குறைவு. அதுவும் 74 பீரங்கி. சஃப்ரனோடு ஐந்து தடவை மோதிவிட்டு, 1783 நவம்பரில் தலச்சேரிக்கு முன்னால் கரைதட்டிச் செத்தது. சொல்தா ஐயாவின் பிரெஞ்சுக் கப்பல் இத்தனை நாளும் எதிரியின் பெயரோடு ஷோகேஸில் நின்றிருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. பெயரை மாற்றவில்லை. தைத்தவருடைய லேபிளைப் பிரிக்கக் கூடாது.

பாய் கட்டவில்லை. இந்த மாதிரிப் பெட்டிகளில் வருகிற பிளாஸ்டிக் பாய்களைக் கட்டினால் இட்லித் தட்டு தொங்குவது போல இருக்கும். பருமல்மேல் சுருட்டிக் கட்டிய பாய் மட்டும் செய்தேன், மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து.

கடைசியாகக் கொடி. என் தொழில் கௌரவம் முழுவதையும் இதில் காட்டலாம் என்று நல்ல மல் துணி வெட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழை தெரிகிறது. 0.15 மில்லிமீட்டர் இழை என்றால் நிஜத்தில் விரல் தடிமன் கயிற்றால் நெய்த கொடி! துணியைக் கைவிட்டு இதற்கும் காகிதம்தான். நிறம், வெறும் வெள்ளை. மூவர்ணக் கொடி பிரான்சில் புரட்சிக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் மன்னரின் போர்க்கப்பல்கள் வெள்ளைக் கொடிதான் பறக்கவிட்டன.

“ஏங்க, மூணு வருஷம் பாடுபட்டுட்டு கடைசியில தோத்துப்போன கொடியைக் கட்டுறீங்களே?” என்றாள் என் மனைவி.

பேரனையும் உட்காரவைத்து திருகோணமலைக் கதையைச் சொன்னேன். 1782 செப்டம்பர் 3, மாலை. எரோவைச் சுற்றி ஆங்கிலேயக் கப்பல்கள். பெரிய பாய்மரம் அடியோடு முறிந்து விழுந்தது, கொடியும் அதோடு போயிற்று. சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து எதிர்க் கப்பல்களில் ஆரவாரம். குண்டுக்கல் மாதிரி இருந்த சஃப்ரன் மேல்தளத்தில் குதித்துக்கொண்டு கத்தினாராம்: கொடிகளைக் கொண்டுவாருங்கள், இருக்கிற வெள்ளைக் கொடியையெல்லாம் கொண்டுவந்து கப்பலைச் சுற்றிக் கட்டுங்கள் என்று. அன்றைக்கு அந்தக் கடலில் வெள்ளை என்றால் விடமாட்டேன் என்று அர்த்தம்.

பேரன் கத்தரிக்கோலை எடுத்தான். மிச்சமிருந்த காகிதத்தில் ஏழு கொடி வந்தது. பின்பக்கத்துக் கம்பத்தில் ஒன்றைக் கட்டினேன். மற்ற ஆறும் பாபின் டப்பாவில் இருக்கின்றன.